பிளேட்லெட் எவ்வளவு?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு ஒரு கேள்வி சுற்ற ஆரம்பிக்கும். யாருக்கோ காய்ச்சல், டெங்கு என்று சொல்லிவிட்டார்கள் என்றதும் விசாரிக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "பிளேட்லெட் எவ்வளவு?" 80,000 என்றால் முகம் வாடும். 40,000 என்றால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ரத்த வகை போட்டு டோனர் தேடுவார்கள். 20,000 என்றால் ஊரிலிருக்கும் ஆஸ்பத்திரி போதாது, பெரிய ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று வண்டி பேசுவார்கள். மறுநாள் அது 45,000 ஆகிவிட்டால், முந்தின நாள் கொடுத்தது எதுவோ அதற்குப் புகழ் போய்ச் சேரும். இந்த எண்ணைப் பார்ப்பதில் தப்பில்லை. இந்த எண்ணுக்கு வைத்தியம் பார்ப்பதுதான் தப்பு என்பது என் கட்சி. டெங்குவில் உயிர் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஆபத்து தொடங்குவது தட்டணு, அதாவது பிளேட்லெட், குறைவதில் இல்லை. ரத்தக் குழாய்க்குள் ஓடவேண்டிய நீர் வெளியே கசிந்துவிடுவதில் தொடங்குகிறது. அந்தக் கசிவைக் காட்டுகிற எண் அதே லேப் ரிப்போர்ட்டில் இரண்டு வரி மேலேயோ கீழேயோ இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை.

உள்ளே நடப்பது இதுதான். நம் ரத்தக் குழாய்களின் உட்சுவரில் மெல்லிய சர்க்கரைப் பூச்சு போல ஒரு படலம் உண்டு. குழாய்க்குள் இருப்பது குழாய்க்குள்ளேயே நிற்க அதுவும் ஒரு காரணம். டெங்கு வைரஸ் பெருகும்போது ரத்தத்தில் விடுகிற என்.எஸ்.1 என்ற புரதம் இந்தப் படலத்தையும் சுவரையும் குலைக்கிறது என்று 2015 தொடங்கி வெளியான ஆய்வுகள் காட்டின. வைரஸோடு சண்டை போடும் நம் உடலின் எதிர்ப்பாற்றல் சுரக்கும் பொருள்களும் இதில் சேர்ந்துகொள்கின்றன. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கசிந்து நுரையீரலைச் சுற்றியுள்ள உறையிலும் வயிற்றுக்குள்ளும் தேங்குகிறது. சிவப்பணுக்கள் உள்ளேயே தங்கிவிடுகின்றன. ஓடவேண்டிய ரத்தத்தின் அளவு குறைவதால் உடல் கை கால்களுக்குப் போகும் குழாய்களைச் சுருக்கி மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தைக் காப்பாற்றிக் கொடுக்கிறது. அதனால் ரத்த அழுத்தத்தின் மேல் எண் உடனே விழாது. கீழ் எண் ஏறும். 100-க்கு 85 என்று எழுதியிருக்கும் சீட்டைப் பார்த்து "பிரஷர் நார்மல்" என்று நிம்மதி அடைகிறவர்கள் உண்டு. இரண்டுக்கும் இடைவெளி 20 அல்லது அதற்கும் கீழே வந்துவிட்டால் அந்தச் சீட்டுக்குரிய குழந்தை அதிர்ச்சி நிலைக்குள், அதாவது ஷாக்கில், இருக்கிறது. விரல் நுனி சில்லிட்டிருக்கும், நாடி வேகமாகவும் மெலிந்தும் ஓடும், ஆனால் பேர் கேட்டால் தெளிவாகச் சொல்லும். டெங்கு ஆளை ஏமாற்றுவது இந்தத் தெளிவில்தான்.

கசிவுதான் கொல்கிறது என்பதற்குச் சான்று சிகிச்சையின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1958-இல் பாங்காக்கில் முதல் பெரிய டெங்கு ரத்தக்கசிவுக் காய்ச்சல் பரவியபோது ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே குழந்தைகள் மருத்துவமனையில் இருந்த டாக்டர் சுசித்ரா நிம்மானித்யா நோயின் போக்கை நாள் நாளாக, மணி மணியாகக் குறித்துவைத்து, எந்தக் கட்டத்தில் எவ்வளவு திரவம் என்று வகுத்தார். உலக சுகாதார நிறுவனம் 1975-இல் கொண்டுவந்த முதல் வழிகாட்டிக்கு அந்தப் பணிதான் அடித்தளம். பிறகு தாய்லாந்தில் இறப்பு விகிதம் ஒரு சதவீதத்துக்கும் வெகு கீழே இறங்கியது. இடையில் வைரஸைக் கொல்லும் மருந்து எதுவும் வரவில்லை. இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. வியட்நாமில் ஹோ சி மின் நகர ஆஸ்பத்திரியில் டெங்கு ஷாக்கோடு வந்த 512 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2005-இல் வெளியானது. எந்தத் திரவம் சிறந்தது என்பதே அதன் கேள்வி. நடுத்தர ஷாக்கில் இருந்தவர்களுக்கு எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் கிடைக்கும் ரிங்கர் லாக்டேட்டே விலை கூடிய திரவங்களுக்கு இணையாக வேலை செய்தது. 512 பேரில் இறந்தது ஒரே ஒரு குழந்தை. பக்கத்து இலங்கையில் 2009-இல் சுமார் 35,000 பேருக்கு டெங்கு வந்து 346 பேர் இறந்தார்கள், 2017-இல் 1.86 லட்சம் பேருக்கு வந்தபோது இறந்தவர்கள் 440 பேர். விகிதம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிவிட்டது. இலேசான நோயாளிகளையும் நிறையப் பதிவு செய்தால் விகிதம் தானாகக் குறையாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, இலங்கைக் கணக்கில் அதற்கும் ஒரு பங்கு இருக்கலாம். வியட்நாம் கணக்கை அப்படித் தள்ளிவிட முடியாது. அங்கே எண்ணப்பட்டவர்கள் எல்லாருமே ஷாக்கில் வந்தவர்கள்.

இந்தக் கசிவுக்கு ஒரு நேரம் உண்டு, அது நம் அனுபவ அறிவுக்கு நேர் எதிராக வருகிறது. சாதாரணக் காய்ச்சலில் சூடு இறங்கினால் பிழைத்தோம். டெங்குவில் சூடு இறங்கும் வேளையில்தான், பெரும்பாலும் நான்காம் நாளுக்கும் ஆறாம் நாளுக்கும் இடையில், கசிவு தொடங்கி 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கிறது. அதற்குள் ரத்தத்தில் வைரஸின் அளவு வேகமாகக் குறைந்துகொண்டிருக்கும். வைரஸைத் தாக்கும் மருந்துகளை டெங்குவில் சோதித்துப் பார்த்தவர்கள் ஏமாந்ததற்கு இதுவும் ஒரு காரணம்: நோயாளி ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது வைரஸ் தன் வேலையை முடித்துவிட்டுக் கிளம்பும் நிலையில் இருக்கிறது. ஆகவே காய்ச்சல் விட்ட அன்றைக்குப் பிள்ளை சோர்ந்து படுத்தால் "காய்ச்சல் விட்ட அசதி" என்று விட்டுவிடக் கூடாது. விடாத வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுத்த மலம், காரணமில்லாத எரிச்சல் அல்லது தூக்கக் கலக்கம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் தட்டணு 1.2 லட்சம் என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இவை எதுவும் இல்லாமல், சாப்பிட்டுக்கொண்டு, சிறுநீர் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் ஒரு பெரியவருக்கு 35,000 என்று வந்தால் டாக்டரின் கண்காணிப்பு வேண்டும், பீதி வேண்டாம்.

சரி, பார்க்கவேண்டிய எண் எது? ரிப்போர்ட்டில் பி.சி.வி. என்றோ ஹீமாட்டோகிரிட் என்றோ இருக்கும். ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடத்தை அடைத்திருக்கின்றன என்பதே அது. அடுப்பில் சாம்பார் சுண்டச் சுண்டப் பருப்பு கூடினதுபோல் தெரியுமே, அதுபோல நீர் கசிந்தால் பி.சி.வி. ஏறும். அந்த நோயாளியின் வழக்கமான அளவிலிருந்து 20 சதவீதம் ஏறினால் கசிவு குறிப்பிடத்தக்க அளவுக்கு வந்துவிட்டது என்று பொருள். இங்கேதான் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதை தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு மறுபடி மறுபடி சொல்லிவருகிறது. அப்படி ஒருவருக்கு வழக்கமான பி.சி.வி. 30 என்று வைத்துக்கொள்வோம். கசிவில் அது 36 ஆகிறது. கணக்குப்படி சரியாக 20 சதவீத ஏற்றம், ஆபத்தின் வாசல். ஆனால் பல லேப்களின் ரிப்போர்ட்டில் பெண்களுக்கான இயல்பு அளவு 36-இல்தான் ஆரம்பிக்கிறது. அவருடைய 36-க்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி எதுவும் இருக்காது. தட்டணு வரியில் மட்டும் தடித்த எழுத்தில் சிவப்புக் கொடி பறக்கும். வாழ்நாளில் முதல்முறையாக அவருடைய ரத்தம் 'நார்மல்' என்று அச்சாகிறது, அதே நேரம் அவர் ஷாக்கை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார். இதற்காகத்தான் காய்ச்சலின் முதல் மூன்று நாளுக்குள் ஒருமுறை ரத்தம் பார்த்து அந்த முதல் எண்ணைப் பத்திரமாக வைத்திருக்கவேண்டும் என்று சொல்கிறேன். அது டெங்குவா இல்லையா என்று தெரிவதற்கு முன்பே எடுத்த எண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. தனியாகப் பார்த்தால் பி.சி.வி.யும் ஏமாற்றும்: டிரிப்ஸ் ஏற்றியபின் அது இறங்கினால் நல்ல செய்தியாகவும் இருக்கலாம், உள்ளே ரத்தம் போகிறது என்ற கெட்ட செய்தியாகவும் இருக்கலாம். நாடியையும் சிறுநீர் அளவையும் வைத்துத்தான் அதைப் பிரித்தறிய முடியும்.

இந்த இடத்தில் எதிர்க்கேள்வி வரும், வரவும் வேண்டும். தட்டணுதானே ரத்தம் உறைய உதவுகிறது? அது 15,000-க்கு வந்துவிட்டால் ரத்தம் கொட்டாதா? முன்கூட்டியே ஏற்றிவைத்தால் என்ன குறைந்துவிடும்? இந்தக் கேள்வியை சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நேரடியாகச் சோதித்தார்கள். 2017-இல் லான்செட் இதழில் முடிவு வெளிவந்தது. தட்டணு 20,000 அல்லது அதற்கும் குறைவாக இருந்த, பெரிய ரத்தக்கசிவு இல்லாத 372 பெரியவர்களை இரண்டாகப் பிரித்து ஒரு பிரிவுக்குத் தட்டணு ஏற்றினார்கள், மற்றதற்கு ஏற்றவில்லை. ரத்தக்கசிவு ஏற்றியவர்களில் 21 சதவீதத்தினருக்கு, ஏற்றாதவர்களில் 26 சதவீதத்தினருக்கு; புள்ளியியல்படி இந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்த முடியாது. பாதக விளைவுகள் ஏற்றிய பிரிவில் 13, ஏற்றாத பிரிவில் 2. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். டெங்குவில் சொந்தத் தட்டணுவை அழிக்கும் அதே சூழல் கடன் வாங்கிய தட்டணுவையும் விட்டுவைப்பதில்லை. உயிரைக் குடிக்கும் பெரிய ரத்தப்போக்கு வருவதும் பெரும்பாலும் நீண்ட நேரம் கவனிக்காமல் விட்ட ஷாக்குக்குப் பிறகு, குடலும் கல்லீரலும் ரத்தமின்றி வாடியபின். அப்போது தேவைப்படுவது முழு ரத்தம் அல்லது சிவப்பணு. இந்திய தேசிய வழிகாட்டியும் ரத்தக்கசிவு இல்லாதவர்களுக்குத் தட்டணு ஏற்றுவதைப் பற்றி யோசிக்கச் சொல்வது 10,000-க்குக் கீழே போனால்தான். கண்கூடாக ரத்தம் போகிறவர், வேறு காரணத்துக்காக ரத்தம் இளக்கும் மருந்து சாப்பிடுகிறவர், பிரசவமோ அறுவை சிகிச்சையோ நெருங்கியவர் ஆகியோருடைய விஷயம் வேறு. அங்கே ஏற்றுவதற்கு நியாயம் இருக்கிறது.

அப்படியானால் டாக்டர்கள் ஏன் தினமும் தட்டணு பார்க்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. அது நல்ல கடிகாரம், அதனால். பி.சி.வி. ஏறும் அதே வேளையில் தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழே சரசரவென்று இறங்கினால் ஆபத்தான காலம் நெருங்குகிறது என்று தெரிந்துகொள்ளலாம். நேரம் காட்டுகிற முள்ளைக் கையால் பின்னுக்குத் தள்ளினால் நேரம் மாறிவிடாது, அவ்வளவுதான். எந்திரம் சொல்லும் தட்டணுக் கணக்கில் பிழையும் உண்டு. ரத்தக் குப்பியில் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டால் எண்ணிக்கை பொய்யாகக் குறையும், கண்ணாடித் தகட்டில் பரப்பி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும். காலை ஒரு லேபில் 32,000, மாலை இன்னொரு லேபில் 51,000 என்பதை வைத்துக்கொண்டு நோய் கூடியது குறைந்தது என்று பேசுவதில் அர்த்தம் அதிகம் இல்லை. தனியார் ஆஸ்பத்திரிகள் காசுக்காகத்தான் தட்டணு ஏற்றுகின்றன என்ற குற்றச்சாட்டையும் கேட்டிருப்பீர்கள். சில இடங்களில் அது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் 18,000 என்ற ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு "இன்னும் ஏன் ஏற்றவில்லை?" என்று பத்துப் பேர் சூழ்ந்து நிற்கும்போது, ஏற்றாமல் இருப்பதற்கு ஒரு டாக்டருக்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும். அந்த நெருக்கடியைக் கொடுக்கிறவர்கள் நாம்தான்.

பப்பாளி இலையை விட்டுவிட்டால் இந்தப் பதிவின் கீழே சண்டை நடக்கும். அதன் சாறு கொடுத்தால் தட்டணு கூடுகிறது என்று ஆய்வுகள் இருக்கின்றன. மலேசியாவில் 228 பேரை வைத்து நடந்து 2013-இல் வெளியான ஒன்று அடிக்கடி மேற்கோளாகிறது. அந்த ஆய்வு பொய் என்று நான் சொல்லவில்லை. அது அளந்தது தட்டணுவை. ஷாக் குறைந்ததா, இறப்பு குறைந்ததா என்பதை இந்த வகை ஆய்வுகள் காட்டவில்லை. டெங்குவில் தட்டணு ஆறாம் ஏழாம் நாளில் அடிமட்டத்தைத் தொட்டுவிட்டு யாரும் தூக்கிவிடாமலே எழும். எண் பயமுறுத்தும் அளவுக்கு இறங்கியபின் கொடுக்கிற எந்தப் பொருளுக்கும், வெறும் தண்ணீருக்கும்கூட, இந்த எழுச்சியின் பெருமை கிடைத்துவிடும். நிலவேம்புக் குடிநீரை 2012 தொடங்கி அரசே விநியோகித்து வந்திருக்கிறது. சித்த மருத்துவர்கள் அதைக் காய்ச்சலுக்கு நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். குடிக்கிறவர் குடிக்கட்டும், என் அக்கறை வேறு: அதைக் குடித்தோம் என்ற தைரியத்தில் ஐந்தாம் நாளின் வயிற்று வலியை வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் கூடாது. வாந்தி எடுக்கும் பிள்ளையின் வாயில் கசப்பான இலைச்சாற்றை ஊற்றி, உள்ளே தங்கியிருக்கவேண்டிய கஞ்சியையும் வெளியே வரவைப்பது எந்த வைத்தியத்திலும் சேர்த்தி இல்லை.

நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையிலும் இதே ஒற்றை எண், ஒற்றைக் கோடு மயக்கம்தான். கார்டு டெஸ்டில் 'பாசிட்டிவ்' வந்தால் இடி விழுந்ததுபோலவும் 'நெகட்டிவ்' வந்தால் பிழைத்ததுபோலவும் ஆகிவிடுகிறது. என்.எஸ்.1 முதல் ஐந்து நாள்வரை நன்றாகத் தெரியும், ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்பொருள் நான்கைந்து நாள் கழித்தே தலைகாட்டும். இரண்டாம் நாள் ஐ.ஜி.எம். மட்டும் பார்த்து இல்லை என்பதும், ஏழாம் நாள் என்.எஸ்.1 மட்டும் பார்த்து இல்லை என்பதும் வீண் செலவு. உறுதிப்படுத்த எலைசா முறையைத்தான் அரசு ஏற்கிறது. டெங்கு வைரஸில் நான்கு வகை. ஒரு வகை வந்துபோனவருக்கு இன்னொரு வகை வரும்போது நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். கியூபாவில் 1977-இல் முதல் வகை பரவியது, 1981-இல் இரண்டாம் வகை வந்தபோது 158 பேர் இறந்தார்கள். ஏற்கெனவே எதிர்ப்பொருள் இருக்கும் இத்தகைய இரண்டாம் தொற்றில் அந்த எதிர்ப்பொருள்கள் என்.எஸ்.1-ஐப் பிடித்துக்கொள்வதால் பரிசோதனை அதைத் தவறவிடுவதும் அதிகம். யாருக்கு ஆபத்து கூடுதலோ அவரையே கார்டு நழுவவிடுகிறது. மருந்தே இல்லாத நோய்க்குப் பரிசோதனை எதற்கு என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கும் பதில் இருக்கிறது. டெங்கு போலவே ஆரம்பித்துத் தட்டணுவையும் குறைக்கிற உண்ணிக் காய்ச்சலும் எலிக் காய்ச்சலும் இங்கே சகஜம். அவற்றுக்கு மலிவான, உயிர் காக்கும் ஆன்டிபயாடிக் உண்டு. அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட் சுட்டதுபோன்ற கறுத்த புண் இருக்கிறதா என்று துணியை விலக்கிப் பார்க்காமல் "தட்டணு குறைவு, ஆகவே டெங்கு" என்று தீர்மானித்துவிட்டால், டாக்சிசைக்ளினில் பிழைக்கவேண்டியவர் தட்டணு ஏற்றிக்கொண்டே கை நழுவிப் போவார்.

வீட்டில் செய்யவேண்டியது கொஞ்சம்தான். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும், எடைக்கேற்ற அளவில், ஆறு மணி நேர இடைவெளியில். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், குழந்தைகளுக்குத் தாராளமாக எழுதப்படும் மெஃபனமிக் ஆசிட் எல்லாம் வயிற்றில் ரத்தக்கசிவைத் தூண்டக்கூடியவை. "ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர்" என்று கேட்டு வாங்கும் இடுப்பு ஊசி, தசைக்குள் ரத்தம் கட்ட வழி. ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்த வேறொரு வியட்நாம் ஆய்விலும் பலன் தெரியவில்லை. வாய்வழி நீர் மட்டும் மலிவாகத் தோன்றினாலும் உண்மையில் மருந்து. நிகராகுவாவில் நடந்த ஓர் ஆய்வில், ஆஸ்பத்திரிக்கு வருமுன் வீட்டில் அதிகம் குடித்தவர்களுக்கு அட்மிஷன் தேவைப்படுவது குறைவாக இருந்தது. ஓ.ஆர்.எஸ்., உப்புப் போட்ட கஞ்சி, மோர், இளநீர் எது இறங்குகிறதோ அது. வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாக ஊற்றுவது உடலின் சோடியத்தைக் குறைத்துவிடும்.

'தண்ணீர்தான் மருந்து என்றால் முதல் நாளே எல்லாருக்கும் டிரிப்ஸ் போட்டுவிடலாமே' என்ற கடைசி ஆட்சேபத்தில்தான் இந்த வைத்தியத்தின் நுட்பம் இருக்கிறது. கசிவு தொடங்குவதற்கு முன் ஏற்றும் நீர் கசிவைத் தடுக்காது. தொடங்கியபின் தேவைக்கு மேல் ஏற்றினால் அது குழாய்க்குள் நிற்காமல் நெஞ்சிலும் வயிற்றிலும்தான் போய்ச் சேரும். வாயால் குடிக்க முடியாமல் எச்சரிக்கை அறிகுறிகளோடு வருகிறவருக்கு கிலோ எடைக்கு மணிக்கு 5 முதல் 7 மில்லி என்று ஆரம்பித்து, ஓரிரு மணிக்கொருமுறை நாடி, அழுத்தம், சிறுநீர், பி.சி.வி. பார்த்துப் பார்த்துக் குறைத்துக்கொண்டே வருவதுதான் முறை. ஷாக்கில் வருகிறவருக்கு இதைவிட வேகமாக. கசிவு நின்ற மறுநாள் வெளியே போன நீரெல்லாம் தானாக ரத்தத்துக்குத் திரும்பும். அப்போதும் டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். ஷாக்கிலிருந்து மீண்டவர் இப்படி இறப்பதும் உண்டு. டிஸ்சார்ஜிலும் இதே கணக்குதான். உலக சுகாதார நிறுவனத்தின் பழைய வழிகாட்டி தட்டணு 50,000-ஐத் தாண்டவேண்டும் என்றது. 2009-இல் வந்தது எண்ணே சொல்லாமல், காய்ச்சல் விட்டு 48 மணி நேரம் ஆகி, டிரிப்ஸ் இல்லாமலே பி.சி.வி. நிலைத்து, தட்டணு ஏறுமுகத்தில் இருந்தால் அனுப்பலாம் என்கிறது. நம் வார்டுகளிலோ பசியெடுத்து இட்லி கேட்கிற ஆள், ஒரு லட்சம் ஆகட்டும் என்று வீட்டார் பிடிவாதத்தில் இன்னும் இரண்டு நாள் கட்டிலில் படுத்திருக்கிறார். அந்தக் கட்டில் கிடைக்காமல் வராந்தாவில் பாய் விரித்துப் படுக்கவைத்திருக்கும் பிள்ளைக்கு இன்றுதான் காய்ச்சல் விட்டிருக்கிறது.